இரண்டே நாளில் இன்ஜினை மாற்ற முடியுமா?

கேள்வி: என்னிடம் 2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. நீலப்புகை தள்ளுகிறது. சனி, ஞாயிறுக்குள் பழைய இன்ஜின் வாங்கி மாற்றிவிடலாமா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: மாற்றலாம். ஆனால் அந்த இரண்டு நாள் பூட்டுவதற்கு மட்டும்தான். முன்வேலையை முந்தின வாரமே முடித்துவிடுங்கள். அதே மாடல் விடெக் (வேகத்துக்கேற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) இன்ஜினே வேண்டும். விடெக் இல்லாத 1.5 வந்துவிட்டால் உங்கள் வண்டியின் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒத்துப்போகாது. ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதி) விடெக் சாலினாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வு, இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நம் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் அதிகம். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கும்; தொடவே வேண்டாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) நாலு சிலிண்டரிலும் 10 சதவீதத்துக்குமேல் வேறுபடக் கூடாது.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் செட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பிறகு செய்தால் கூலி இரட்டிப்பு. நாகைக் கடற்காற்று பட்ட வண்டியென்றால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள்.

அவசரத்தில் அதிகம் உடைவது கியர்பாக்ஸ் காதுதான் (போல்ட் நுழையும் ஓரப்பகுதி). இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பொருத்தும் டவல் பின் (dowel pin) இரண்டும் உட்காராமல், இடைவெளியை போல்ட்டால் இழுத்து மூடினால் அலுமினியம் விரிசல் விட்டுவிடும். கிளட்ச் பிளேட்டை நடுவாக்கினால் கியர்பாக்ஸ் கையாலேயே உள்ளே போகும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்றுங்கள்.

இன்ஜின் எண் மாறுவதால் வாங்கிய ரசீதோடு ஆர்டிஓ அலுவலகத்தில் முதலிலேயே அனுமதி பெற்று, ஆர்சியில் திருத்திக்கொள்ளுங்கள்.