கொழும்பிலிருந்து ஒரே நாளில் கற்பிட்டி போய் டொல்பின் பார்த்துத் திரும்பலாமா?

வெள்ளவத்தையிலிருந்து வேன் பிடித்து, சின்னப் பிள்ளைகளோடு டிசம்பர் விடுமுறையில் போக யோசிக்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். போய் வரலாம். டொல்பின் கண்ணில் படுமா என்பது வேறு கதை. அதைத் தீர்மானிப்பது காற்று.

வாடைக் காலத்தில், நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, அந்தக் கடல் விடிய நேரம் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். பத்து மணி தாண்டினால் கடற்காற்று ஏறி அலை வெளுக்கத் தொடங்கிவிடும். அந்த நுரைக்குள் முதுகுத் துடுப்பைப் பிரித்தறிய பழகின ஓட்டிக்கே கஷ்டம். ஆகவே வள்ளம் ஆறரை மணிக்காவது கரையை விட வேண்டும். புறக்கோட்டையில் காலை பஸ் எடுத்தால் போய் இறங்கும்போது வள்ளங்கள் திரும்பிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் வேன் எடுத்தால் நேரத்துக்குப் போகலாம், ஆனால் அன்றைக்கே தூக்கக் கலக்கத்தோடு திரும்பி ஓட்ட வேண்டும். முதல் நாள் மதியம் புறப்பட்டு ஓர் இரவு தங்குங்கள். முடிந்தால் இரண்டு இரவு; முதல் விடியலில் காற்று ஏமாற்றினால் இன்னொரு விடியல் கையில் இருக்கும். மே தொடக்கம் சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் போகவே வேண்டாம், அது பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்களின் பருவம்.

வழி சிக்கலில்லை. நீர்கொழும்பு, சிலாபம் தாண்டி, புத்தளத்துக்குச் சற்று முன்னே பாலாவியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து கற்பிட்டி சுமார் 40 கிலோமீற்றர். வேனில் மொத்தம் நாலு மணித்தியாலம் வையுங்கள். ரயில் புத்தளம் பக்கம்தான் போகும், கற்பிட்டிக்கு இல்லை. பாலாவி உப்பளங்களில் கொஞ்சம் நிறுத்துங்கள். வலசை வந்த உள்ளான் பறவைகள் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும். இருட்டின பிறகு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். தெருவில் கழுதைகள் நிற்கும், ஹோர்ன் அடித்தாலும் அசையா.

நகரத்துக்குள் தங்காமல் கண்டக்குளி, குடாவ, ஆலங்குடா பக்கம் கடலோரமாகத் தங்கினால் விடிய ஓட்டம் குறையும். பணம் எடுப்பதைக் கற்பிட்டி நகரத்திலேயே முடித்துவிடுங்கள்.

வள்ளம் என்பது வெளி இயந்திரம் பூட்டின சாதாரண மீன்பிடி பைபர் வள்ளம்தான். கூரை இல்லை, கழிப்பறை இல்லை, இரண்டு மூன்று மணித்தியாலம் அப்படியே. ஆறு பேருக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதல் நாளே போட்டுப் பாருங்கள். பெரியவர்களின் அங்கி பிள்ளையின் தலைக்கு மேலாகக் கழன்றுவிடும். வள்ளத்தின் முன்பக்கம் (அணியம்) தூக்கித் தூக்கி அடிக்கும், முதுகுவலிக்காரர் நடுவுக்குப் பின்னால் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் கரையிலேயே நிற்பது நல்லது. குமட்டல் மாத்திரையை ஏற முன் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும்; ஆடத் தொடங்கின பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். வெறும் வயிறும் கூடாது, கட்டித் தேங்காய்ப் பாலில் சமைத்த கறியும் கூடாது. இரண்டு பிஸ்கட் போதும்.

அங்கே கூடுதலாகத் தெரிவது சுழன்று பாயும் ஸ்பின்னர் டொல்பின் இனம், சில நாள் நூற்றுக்கணக்கில். இவை இரவில் ஆழத்திலிருந்து மேலேறி வரும் சிறு மீன், கணவாய் தின்றுவிட்டுப் பகலில் ஓய்வெடுப்பவை. நாம் பார்க்கப் போவது அவை தூங்கும் நேரத்தில்! கூட்டத்துக்குப் பக்கவாட்டில், ஒரே வேகத்தில் போகச் சொல்லுங்கள். குறுக்கே வெட்டினால், சுற்றி வளைத்தால் தாழ்ந்து திசை மாறிவிடும், பிறகு துரத்துவதில் பெற்றோல்தான் முடியும். “பாய வைக்கிறேன்” என்று ஓட்டி வேகம் கூட்டினால் வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். கூடுதல் காசு எதிர்பார்த்துச் செய்வதுதான் அது. ஸ்பேர்ம் திமிங்கிலம் பார்க்க ஆசையென்றால் மார்ச், ஏப்ரலில் வாய்ப்புக் கூட, ஆழக்கடல் விளிம்பு வரை போக வேண்டும். மார்ச்சில் தலவில அன்னம்மாள் திருவிழா நாட்களைத் தவிருங்கள், அந்த வீதி நிரம்பிவிடும்.

1992 இல் சரணாலயமாக்கப்பட்ட முருகைக்கற்பாறைத் தொடரையும் காட்டுவதாகச் சொல்வார்கள். பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள். 2016 இல் கடல் சூடேறி ஆழமில்லாத பகுதிகளில் பெரும் பங்கு வெளுத்து இறந்தது. மீன்களுக்காக இறங்கலாம், பாறையில் கால் ஊன்றக் கூடாது. பிள்ளைகளோடு என்றால் அதைவிடக் களப்புப் பக்கம் கண்டல் மரங்களுக்குள் மாலையில் வள்ளத்தில் போவது நல்லது, அலை இல்லை.

கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டாதீர்கள், படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். அந்த மணற்பாங்கில் மரக்கறித் தோட்டங்களுக்குப் போடும் பசளை இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு ஏறும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கத் தேவையான போத்தல் தண்ணீரைக் கொழும்பிலிருந்தே ஏற்றிக்கொள்ளுங்கள்.