பழைய எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் புது வசதிகள்: எதை இயக்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: 2014-ல் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டமாக ஃபார்மேட் செய்த பார்ட்டிஷனில்தான் இன்னும் என் லினக்ஸ் ஓடுகிறது. இப்போது புதிதாக ஃபார்மேட் செய்தால் செக்சம் (பதிவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்), 64பிட் போன்றவை தானாகவே வந்துவிடுகின்றனவாம். டேட்டாவை அழிக்காமல் இவற்றை இயக்க முடியுமா? எல்லாவற்றையும் இயக்கிவிடலாமா?

பதில்: முடியும். ஆனால் எல்லாவற்றையும் வேண்டாம். ஒரு வசதியை இயக்குவதற்கு முன் அது என்ன செய்யும் என்று பார்ப்பதைவிட, அந்தப் பார்ட்டிஷனை யார் யார் படிக்கப்போகிறார்கள் என்று பார்ப்பது முக்கியம். உங்கள் கர்னல் மட்டும் அதைப் படிப்பதில்லை. பூட் ஆகும்போது லினக்ஸைத் தொடங்கி வைக்கும் கிரப் படிக்கிறது. பழுது வந்தால் மீட்பு பென்டிரைவில் இருக்கும், பார்ட்டிஷனைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே படிக்கிறது. இவற்றில் மிகப் பழையது எதுவோ, அதுதான் உங்கள் எல்லை.

எக்ஸ்ட்4-ன் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கில் வசதிகள் மூன்று கூடைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் வகை, காம்பேட்: கர்னலுக்குத் தெரியாவிட்டாலும் வழக்கம்போல மவுண்ட் ஆகும். இரண்டாவது, ஆர்ஓ காம்பேட்: தெரியாவிட்டால் படிக்க மட்டுமே மவுண்ட் செய்யலாம், எழுத விடாது. மூன்றாவது, இன்காம்பேட்: தெரியாவிட்டால் மவுண்டே ஆகாது. எஃப்எஸ்சிகே இன்னும் கறார். அறியாத வசதி காம்பேட் வகையாக இருந்தாலும் பார்ட்டிஷனைத் தொட மறுத்துவிடும். எஃப்எஸ்சிகே-வின் '1.46' பதிப்பில் வரும் 'ஃபீச்சர் சி12' என்ற பிழைச் செய்தி அப்படிப்பட்டதுதான். ஆர்ஃபன் ஃபைல் (நீக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்களைக் கணக்கு வைப்பது) என்ற வசதியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. சி என்றால் காம்பேட். ஐ, ஆர் என்று வந்தால் மற்ற இரண்டு வகைகள்.

உங்களிடம் இப்போது என்னென்ன இருக்கின்றன என்பதை டம்ப்இ2எஃப்எஸ் கட்டளையைச் சிறிய ஹெச் தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். 'ஃபைல்சிஸ்டம் ஃபீச்சர்ஸ்' வரியைக் குறித்து வையுங்கள். 'ஐநோடு சைஸ்' (ஒவ்வொரு ஃபைலின் விவரங்களையும் வைக்கும் பதிவின் பைட் அளவு) 256 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 128 ஆக இருந்தால் ஐநோடு செக்சம் பாதி வலுவோடுதான் இருக்கும், 2038-க்குப் பிந்தைய தேதிகளையும் சேமிக்க முடியாது. அப்படியானால் பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக ஃபார்மேட் செய்வதே மேல்.

உங்களுக்கு உண்மையில் பயன்படப்போவது மெட்டாடேட்டா (ஃபைல்களைப் பற்றிய நிர்வாகப் பதிவுகள்) செக்சமும் அதற்குத் துணையாக 64பிட்டும்தான். ஐநோடு, டைரக்டரி, எந்த இடம் காலி என்று குறிக்கும் பிட்மேப் ஆகியவை கெட்டுப்போனால் கர்னல் உடனே கண்டுகொள்ளும். உங்கள் ஃபைல்களின் உள்ளடக்கத்துக்கு இந்தக் காவல் கிடையாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 64பிட் இல்லாமல் செக்சமை மட்டும் இயக்கினால் பிட்மேப்களுக்கு 32 பிட் செக்சமில் 16 பிட் மட்டுமே சேமிக்க இடமிருக்கும். பிளாக் அளவு 4 கேபி என்றால் 16 டிபியைத் தாண்டவும் 64பிட் வேண்டும்.

இதைச் செய்யும்போது பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருக்கக்கூடாது. உங்களுடையது ரூட் பார்ட்டிஷன் என்பதால் லைவ் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். அதில் இந்தக் கருவிகள் எல்லாம் அடங்கிய இ2எஃப்எஸ்புரோக்ஸ் தொகுப்பு '1.43' அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். பேக்கப் எடுத்தாயிற்றா என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, இ2எஃப்எஸ்சிகே-வை (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே) சிறிய எஃப், பெரிய டி தெரிவுகளோடு ஓட்டுங்கள். பெரிய டி டைரக்டரிகளை மறுசீரமைத்து, செக்சம் எழுத இடம் உண்டாக்கும். பிறகு ரீசைஸ்2எஃப்எஸ், சிறிய பி தெரிவு: இதுதான் 64பிட்டாக மாற்றும். கடைசியாக டியூன்2எஃப்எஸ், பெரிய ஓ தெரிவு, மெட்டாடேட்டா சிசம் (மெட்டாடேட்டா செக்சமின் கட்டளைப் பெயர்). முடிந்ததும் இ2எஃப்எஸ்சிகே-வை மறுபடி ஓட்டுங்கள். மெட்டாடேட்டா முழுவதும் திருத்தி எழுதப்படுவதால் பெரிய டிஸ்க்கில் நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போனால் சிக்கல்தான். டியூன்2எஃப்எஸ்-க்குச் சிறிய இசட் தெரிவோடு வேறொரு டிஸ்க்கில் அன்டூ ஃபைல் ஒன்றைக் கொடுத்தால், அந்தப் படியில் நடந்த மாற்றத்தை இ2அன்டூ மூலம் பின்வாங்கலாம்.

மற்றவற்றில் கேஸ்ஃபோல்டு, ஃபைல் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது. வைன் (விண்டோஸ் செயலிகளை ஓட்ட) அல்லது சாம்பா (விண்டோஸோடு ஃபைல் பகிர) பயன்படுத்துவோருக்கு உதவும். இது இன்காம்பேட் வகை. கர்னல் '5.2' முதல் உண்டு, அதுவும் யூனிகோட் ஆதரவோடு கம்பைல் செய்யப்பட்டிருந்தால்தான் மவுண்ட் ஆகும். இயக்கியதும் எல்லா டைரக்டரியும் மாறிவிடாது. காலியான டைரக்டரியில் சிஹெச்ஆட்டர் மூலம் பெரிய எஃப் கொடி போட வேண்டும். வேண்டுமென்றால் தனி டேட்டா பார்ட்டிஷனில் வையுங்கள், ரூட்டில் வேண்டாம். என்கிரிப்ட் வசதியும் இன்காம்பேட்தான். அதை இயக்கிவிட்டால் டியூன்2எஃப்எஸ்-ஆல் நீக்க முடியாது, '2.04'-க்கு முந்தைய கிரப் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்கவும் முடியாது. இன்லைன் டேட்டா, பிக்அலாக் இரண்டும் ஃபார்மேட் செய்யும்போது மட்டுமே. மறந்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வம்பு வரும். 2023-ல் வெளிவந்த இ2எஃப்எஸ்புரோக்ஸ் '1.47.0' முதல் மெட்டாடேட்டா சிசம் சீட், ஆர்ஃபன் ஃபைல் இரண்டும் புது ஃபார்மேட்டில் தானாக இயங்குகின்றன. புதிய கணினியில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைப் பழைய கணினியில் மாட்டினால், பழைய கிரப் 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்' என்று நின்றுவிடும். பழைய கணினிக்குப் போகும் டிஸ்க் என்றால் ஃபார்மேட் செய்யும்போதே பெரிய ஓ தெரிவில் அந்த இரண்டு பெயர்களுக்கும் முன்னால் மேல்நோக்கிய கூர்க்குறி (^) போடுங்கள். குறி இருந்தால் அந்த வசதி நீங்கும். ஏற்கெனவே ஃபார்மேட் ஆகிவிட்டால், அன்மவுண்ட் செய்துவிட்டு டியூன்2எஃப்எஸ்-லும் அதே குறியால் நீக்கலாம்.