காம்பொனென்ட்களைச் சேர்த்து வைப்பது எப்படி? கேள்வி பதில்

லாஸ்பேட்டை: ஐயா, காம்பொனென்ட் எனும் துண்டுகளாக இணையப் பக்கத்தைக் கட்டும் ரியாக்டில் புதுச்சேரி–கடலூர் பஸ் அட்டவணை செய்கிறேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நேரம் ஒரு வரிசை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என நிறுத்தங்கள் அடுத்த வரிசை. இரண்டையும் ஒரு டிவ்வுக்குள் (பலவற்றை அடக்கும் HTML பெட்டி) வைத்தேன். அட்டவணை கோணிவிட்டது.

கோணத்தான் செய்யும். வரிசைகளுக்கு மேலே டிவ் புகுந்தால், உலாவி அதற்கென்று ஒரு கட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு, இரண்டு வரிசைகளையும் முதல் நெடுவரிசைக்குள் திணித்துவிடும். இதற்குத்தான் ஃபிராக்மென்ட் இருக்கிறது. பலவற்றை ஒன்றாகச் சேர்க்கும். பக்கத்தில் தடயம் விடாது. 2017 நவம்பரில் வந்த 16.2 பதிப்பு முதல் அதைச் சுருக்கி, வெறும் கோணக் குறிகளாலேயே (<> </>) எழுதலாம். ஆனால் பட்டியலைச் சுழற்றும் இடத்திலேயே ஃபிராக்மென்ட் எழுதினால் அதற்குக் கீ, அதாவது தனி அடையாளம், வேண்டும். சுருக்க வடிவம் கீயை ஏற்காது. முழுப் பெயரை எழுதுங்கள். புறப்படும் நேரத்தைக் கீயாக்காதீர்கள், ஒரே நிமிடத்தில் இரண்டு பஸ் கிளம்பலாம். வரிசை எண்ணும் வேண்டாம். பட்டியலை மாற்றி அடுக்கினால், ஒரு பஸ்ஸுக்கு விரித்த நிறுத்தங்கள் வேறு பஸ்ஸின் கீழ் விரிந்து நிற்கும்.

வில்லியனூர்: அப்படியானால் டிவ்வே வேண்டாமா?

வேண்டும். ஃபிராக்மென்ட்டுக்கு நிறமோ இடைவெளியோ கொடுக்க முடியாது.

பண்ருட்டி: ரியாக்ட் போன்ற இன்னொரு கருவியான ஆங்குலரில், மாட்யூல் (காம்பொனென்ட்களைத் தொகுக்கும் அமைப்பு) எழுதித்தான் சேர்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மாட்யூல் இல்லாத தனித்த காம்பொனென்ட் 2022இல் 14ஆம் பதிப்பில் முன்னோட்டமாக வந்து, 15இல் நிலைபெற்றது. 2024இல் வந்த 19இல் அதுவே இயல்புநிலை. பழைய திட்டத்தை ஒரே மூச்சில் உடைக்காதீர்கள்.

நெய்வேலி: ஃபோல்டர்களை எப்படிப் பிரிப்பது?

வேலையை வைத்துப் பிரியுங்கள்: முன்பதிவு, கட்டணம், பயணி விவரம். பட்டன், படிவம் என்று வகை வைத்துப் பிரித்தால் ஒரு பக்கத்தைத் திருத்த நான்கு ஃபோல்டர் திறக்க வேண்டும். 'காமன்' என்ற ஃபோல்டரை மட்டும் முதல் நாளே திறக்காதீர்கள். அது பரண், ஏறியது இறங்காது.

மஞ்சக்குப்பம்: ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. எல்லாப் பக்கமும் ஒரே பட்டனைத்தான் எடுக்கிறது. அதை எங்கே வைப்பீர்கள்?

இரண்டாவது வேலை அதைக் கேட்கும் நாளில் பொது இடத்துக்கு நகர்த்துவேன். அதுவரை முன்பதிவிலேயே இருக்கட்டும்.

மஞ்சக்குப்பம்: நகர்த்தினால் அதை அழைக்கும் இம்போர்ட் வரிகள் எல்லாம் உடையுமே?

எடிட்டரே திருத்தித் தரும்.

முதலியார்பேட்டை: டேபிளுக்குள் டிவ் வைத்தால்…

முதல் பதிலைப் படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: ரியாக்ட் படித்தால் வேலை கிடைக்குமா?

வேலை கொடுப்பவரைக் கேளுங்கள் தம்பி.

மஞ்சக்குப்பம்: விடமாட்டேன். புதிதாகத் தொடங்குபவர் ஃபோல்டர் அமைப்பைத் தேர்வுசெய்ய ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம் என்று ரியாக்டின் பழைய ஆவணமே சொன்னது. என்னிடம் இருப்பதோ பத்துக் காம்பொனென்ட்.

பத்துக்கு ஃபோல்டரே வேண்டாம். எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கட்டும். நான் சொல்வது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் நான்குக்கும் தனித்தனிப் படிவம் கேட்கும் திட்டத்துக்கு. அங்கேயும் ஊருக்கொரு ஃபோல்டர் போடாதீர்கள். படிவம் ஒன்று, ஊர் விவரம் டேட்டாவில்.

மஞ்சக்குப்பம்: யானத்துக்கு மட்டும் ஒரு கட்டம் கூடுதலாக வந்தால்?

அந்தக் கட்டத்தைத் தனிக் காம்பொனென்ட்டாக எழுதி உள்ளே அனுப்புங்கள். 'காமன்' ஃபோல்டரில் போடாதீர்கள்.