மாமாவின் மதுபானக் களஞ்சியம்: வேலைக்குப் போகலாம், பெயரைக் கொடுக்க வேண்டாம்

களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு முடித்த 22 வயது மகனை உங்கள் அண்ணர் தன்னுடைய மதுபான மொத்த விற்பனைக் களஞ்சியத்துக்குக் கணக்கு வேலைக்குக் கூப்பிடுகிறார். அதோடு, அடுத்த வருடத்து லைசன்ஸை "மருமகன்ர பேரில போடுவம்" என்றும் சொல்கிறார். நீங்கள் பயப்படுவது முதலாவதைப் பற்றி: ஊர் என்ன சொல்லும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வருமா என்று. இரண்டாவதை "வெறும் கையெழுத்துத்தானே" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பயப்பட வேண்டியது அந்த ஒரு வரிக்குத்தான்.

தாய்மாமன் சொல்லைத் தட்டுவது மட்டக்களப்பில் லேசுப்பட்ட காரியமில்லை. ஆகையால் காரணங்களை அவருக்கு முன்னாலேயே வைத்துப் பேசக்கூடிய மாதிரி எழுதுகிறேன்.

இலங்கையில் மதுபானம் விற்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதிகாரம் மதுவரித் திணைக்களத்துக்கு. அனுமதிப்பத்திரம் ஒரு குறிப்பிட்ட ஆளின் அல்லது கம்பனியின் பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்கு, ஜனவரியிலிருந்து டிசம்பர் 31 வரையான ஒரு வருடத்துக்குத் தரப்படுகிறது. இந்த மூன்றில் எது மாறினாலும் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் உரிமத்தைக் கைமாற்றுவதும் உள்குத்தகைக்கு விடுவதும் அதை ரத்துச் செய்வதற்கே காரணமாகலாம். லைசன்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, சாவியும் காசும் இன்னொருவர் கையில் இருந்தால், அந்த ஏற்பாடு முதல் நாளிலிருந்தே பலவீனமானது.

வேலையாள் செய்த தவறுக்கு லைசன்ஸ்காரரும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டத்தின் போக்கு. தவறைத் தடுக்கத் தேவையான கவனம் எல்லாம் எடுத்தேன் என்று காட்டும் சுமை அவர் தலையில்தான் விழும். லொறி உதவியாள் இரவில் இரண்டு பெட்டியை வழியில் இறக்கிவிட்டான் என்று வையுங்கள். மாமா கொழும்பில் இருப்பார், உங்கள் மகன் நீதிமன்றத்தில் நிற்பான்.

வரிப் பக்கம் இதைவிட மோசம். 2024இலிருந்து 18 வயது தாண்டியவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி இலக்கம் எடுக்க வேண்டும். லைசன்ஸும் வங்கிக் கணக்கும் மகன் பெயரில் இருந்தால், கோடிக் கணக்கில் ஓடும் விற்பனையும் அவன் இலக்கத்தின் கீழேயே தெரியும். கையில் வருவது மாதச் சம்பளம், தாளில் தெரிவது முதலாளி. வீட்டுக்கு அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைத்துக்கொண்டிருந்தால் அதுவும் கேள்விக்குள்ளாகும். நாளைக்கு ஆசிரியர் நியமனமோ அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனமோ வந்தால், தன் பெயரில் வியாபாரம் வைத்துக்கொண்டு அதில் சேர முடியாமல் சிக்கல் வரும். பெயர் கோப்புக்குள் பூட்டியே கிடக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2024இல் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அதே வருடம் டிசம்பரில் நாடாளுமன்றத்திலேயே சமர்ப்பிக்கப்பட்டது.

அண்ணரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: இத்தனை வருடம் உங்கள் பெயரில் இருந்ததை இந்த முறை ஏன் புதுப்பிக்க ஏலாது? வரி நிலுவை இருந்தால் புதுப்பித்தல் சிக்கும். பழைய வழக்கில் தீர்ப்பு வந்திருந்தாலும் சிக்கும். இரண்டில் எது காரணமாக இருந்தாலும், அந்தச் சுமை அப்படியே மகனுக்கு மாறுகிறது என்றுதான் அர்த்தம். "வயசு போயிற்று, அவன்ர கையில குடுப்பம்" என்பது உண்மையான பதில் என்றால், அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்படி ஒரு கம்பனியைப் பதிந்து, மகனுக்குப் பங்கும் பணிப்பாளர் பதவியும் கொடுத்து, கணக்காய்வாளர் ஒருவரை வைத்து, திணைக்களத்தின் எழுத்து அனுமதியோடு உரிமத்தை அந்தக் கம்பனிக்கு மாற்றக் கேட்கலாம். அதற்கு அவர் தயங்கினால், பதில் உங்களுக்கே விளங்கும்.

இனி வேலைக்கு வருவோம். இதில் எனக்கு மறுப்பு இல்லை. இருப்புக் கணக்கைக் கறாராகக் கற்றுக்கொள்ள இதைவிடக் கண்டிப்பான இடம் நம்மூரில் குறைவு. ஆனால் மகன் போய் உட்காரப்போகும் கதிரையில் என்ன நடக்கும் என்று தெரிந்து போகட்டும்.

மொத்த விற்பனையாளர் பொதுமக்களுக்கு விற்பவர் அல்ல. செல்லுபடியாகும் லைசன்ஸ் உள்ள வைன் ஸ்டோர், ஹோட்டல், ரெஸ்டூரண்ட் ஆகியவற்றுக்குத்தான் கொடுக்கலாம். சில்லறைக் கடைகளின் லைசன்ஸ் பெரும்பாலும் எஃப்எல் 4 வகை, அதாவது போத்தலாக வாங்கிக்கொண்டு போகும் கடைக்கானது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கோப்பு இருக்க வேண்டும்: நடப்பு வருட லைசன்ஸின் பிரதி, உரிமையாளர் பெயர், விலாசம், வகை. அதிகம் சறுக்குவது ஜனவரி முதல் வாரத்தில். பழைய லைசன்ஸ் டிசம்பர் 31 நள்ளிரவோடு முடிந்திருக்கும், புதியது கடைக்காரர் கையில் இன்னும் வந்திருக்காது, ஆனால் அவர் 2ஆம் திகதியே சரக்குக் கேட்பார். புதிய பிரதி கோப்புக்கு வராமல் இன்வொய்ஸ் அடிக்கக் கூடாது. "பத்து வருசப் பழக்கம்" என்பது கோப்பில் ஒட்டக்கூடிய ஆவணமில்லை. அதேபோல, கல்யாண வீட்டுக்கு 20 பெட்டி நேரே தரச்சொல்லி யார் வந்தாலும், அது மாமாவின் சொந்தச் சிநேகிதராகவே இருந்தாலும், சில்லறைக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். காசோலையில் இருக்கும் பெயரும் லைசன்ஸில் இருக்கும் பெயரும் மாதா மாதம் வேறாக வந்தால், அங்கேயும் யாரோ ஒருவர் பெயரை இரவல் கொடுத்திருக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

பதிவேடுதான் வேலையின் உயிர். வந்தது, போனது, உடைந்தது, மிச்சம்: ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக, அன்றன்றைக்கே எழுத வேண்டும். மதுவரி அதிகாரி எந்த நேரமும் வந்து பதிவேட்டையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு. கூடுதலாக நிற்கும் பெட்டி எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் பெரும்பாலும் பெரிய தலையிடி.

புதியவர்கள் தவறும் இடம் லீற்றர் கணக்கு. முழுப் போத்தல் 750 மில்லிலீற்றர், பெட்டிக்கு 12 என்றால் 9 லீற்றர். அரைப் போத்தல் 375, பெட்டிக்கு 24 என்றாலும் 9 லீற்றர்தான். இந்த இரண்டையும் பார்த்த பழக்கத்தில் கால் போத்தல் பெட்டியையும் 9 என்று போட்டுவிடுவார்கள். 180 மில்லிலீற்றர் 48 என்றால் 8.64 லீற்றர். ஒரு பெட்டியில் 0.36 லீற்றர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 500 பெட்டியில் 180 லீற்றர் புத்தகத்தில் மட்டும் இருக்கும், களஞ்சியத்தில் இருக்காது. மதுவரி தூய மதுசாரத்தின் லீற்றரைக் கொண்டு கணிக்கப்படுவதால் அந்தக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது: 33.5 சதவீதச் சாராயம் 9 லீற்றரில் தூய மதுசாரம் 3.015 லீற்றர். பியருக்குப் பெட்டிக் கணக்கே வேறு. 625 மில்லிலீற்றர் போத்தல் 12 என்றால் 7.5 லீற்றர், 500 மில்லிலீற்றர் கேன் 24 என்றால் 12 லீற்றர். அதில் வெற்றுப் போத்தல் திரும்பும் கணக்கு வேறு தனியாக ஓடும். எக்செல் தாளில் அளவு, எண்ணிக்கை, சதவீதம் மூன்றையும் வெவ்வேறு நிரலில் வைத்துப் பெருக்கினால் இந்தப் பிழை வராது. "பெட்டி" என்ற ஒரே நிரலை வைத்தால் கட்டாயம் வரும்.

போத்தல் உடைந்தால் குப்பையில் வீசாமல் கழுத்துப் பகுதியையும் மதுவரிப் பாதுகாப்பு ஸ்டிக்கரையும் எடுத்து வைத்து, உடைவுப் பதிவேட்டில் திகதியோடு எழுதி, அதிகாரி வரும்போது காட்ட வேண்டும். சரக்கு இறக்கும்போதே ஒவ்வொரு தொகுதியிலும் சில போத்தல்களை எடுத்து ஸ்டிக்கர் இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, தெளிவாக வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஸ்டிக்கர் இல்லாத போத்தலைக் களஞ்சியத்துக்குள் எடுத்த பிறகு "அனுப்பினவன் பிழை" என்று சொல்லி நம்பவைப்பது கஷ்டம்.

கொழும்புப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். லொறியோடு வரும் போக்குவரத்து அனுமதியில் உள்ள அளவும் இடமும் திகதியும் இன்வொய்ஸோடு பொருந்த வேண்டும். வழியில் பழுதாகிச் சரக்கை வேறு லொறிக்கு மாற்றுவதென்றால், மாற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை, முதலில் அருகிலுள்ள மதுவரிக் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும். போயா தினத்திலும், புத்தாண்டு, நத்தார் போல மூடச் சொல்லும் மற்ற நாட்களிலும் விற்பனை இல்லை. அதனால் வருடத் தொடக்கத்திலேயே அந்த நாட்களை நாட்காட்டியில் சிவப்பால் வட்டமிட்டு, அந்த நாளில் போய்ச் சேரும் லொறி முந்திய நாள் கிளம்பாதபடி கட்டளை போடுவதும் இந்தக் கதிரைக்காரரின் வேலைதான்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பதையும் மதுபான விளம்பரத்தையும் தடுக்கிறது. ஆகவே மகன் "எங்கட ஸ்டோர்ல புதுச் சரக்கு" என்று போத்தல் படத்தோடு முகநூலில் போடுவது விளையாட்டுக் காரியமாக இராது. பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: மதுபான விற்பனை நிலையங்களில் பெண்களை வேலைக்கு வைப்பது பற்றிய 1979ஆம் ஆண்டுக் கட்டுப்பாடு 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பக் கொண்டுவரப்பட்டது. மகளுக்கு இப்படி வேலை வந்தால், நியமனத்துக்கு முன் திணைக்களத்தின் நிலைப்பாட்டை முதலாளி எழுத்தில் வாங்கித் தரட்டும்.

ஊர்ப் பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். 2017இல் கும்புறுமூலையில் எதனோல் தொழிற்சாலைக்கு எழுந்த எதிர்ப்பை மறந்தவர்கள் இங்கே இல்லை. குடியால் சிதைந்த குடும்பங்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். இந்த வியாபாரத்தின் காசு வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் நான் வாதாட மாட்டேன். இதே பதிவேட்டு வேலை மருந்து மொத்த விற்பனையிலும் அரிசி ஆலையிலும் குளிர்பான விநியோகத்திலும் இருக்கிறது, சம்பளம் கொஞ்சம் குறையலாம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பெற்றோர் கேட்டால் மதுபான வேலையைப் பற்றிப் பேசாமலே அந்த மற்ற இடங்களைத்தான் காட்டுவேன்.

சேர்வதென்றால் சொந்தக்கார இடம் என்று வாய்ப்பேச்சோடு போக வேண்டாம். நியமனக் கடிதத்தில் பதவி "கணக்கு உதவியாளர்" அல்லது "களஞ்சியக் காப்பாளர்" என்று தெளிவாக இருக்க வேண்டும். "முகாமையாளர்", "பங்காளி" என்ற சொற்கள் வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் பங்கு 8, முதலாளி பங்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 சதவீதம். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்து வைக்கக் கூடாது, மாமா கேட்டாலும். களஞ்சியத்தைப் பொறுப்பெடுக்கும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி, எண்ணிக்கையை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை மகன் வீட்டில் வைக்கட்டும். வேலையை விடும் நாளிலும் அப்படியே. பழைய குறைவு புதியவன் தலையில் விழுவது பெரும்பாலும் இந்த எண்ணிக்கை இல்லாததால்தான்.

இரண்டு வருடம் போதும். அதற்குள் மாலையிலோ வார இறுதியிலோ கணக்கியல் தொழில் தகைமையான ஏஏடி படிக்கலாம். கோவில்குளத்தில் இருக்கும் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கலாம். மதுவரித் திணைக்கள ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வரும். அதில் போட்டிப் பரீட்சையோடு உடற்தகுதியும் பார்ப்பார்கள். பதிவேட்டை உள்ளிருந்து பார்த்தவனுக்கு அங்கே வேலை சீக்கிரம் பிடிபடும். அப்படி ஒரு எண்ணம் மகனுக்கு இருந்தால், தன் பெயரில் ஒரு லைசன்ஸ் இருந்த சரித்திரம் அவனுக்கு வேண்டவே வேண்டாம்.

திங்கட்கிழமை மகன் அங்கே போகும்போது முதலில் சுவரில் மாட்டியிருக்கும் லைசன்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்: வருடம், பெயர், விலாசம். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வரட்டும்.