எக்செல்லில் ஃபில்டர் போட்டதும் டெக்ஸ்ட் பாக்ஸ் நசுங்கிவிடுகிறது, பிரிண்டில் கடைசி வரி வெட்டுப்படுகிறது. எப்படிச் சரிசெய்வது?

உங்கள் ஷீட் எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. இடப்பக்கம் விற்பனைப் பட்டியல், அதே வரிசைகளுக்கு நேராக வலப்பக்கம் ஒரு பெட்டி, அதற்குள் மாத மொத்தமும் இரண்டு வரிக் குறிப்பும். மாதாமாதம் அந்தத் தொகையைக் கையால் மாற்றுகிறீர்கள் என்றும் நினைக்கிறேன்.

டெக்ஸ்ட் பாக்ஸ் செல்லுக்குள் இருப்பதில்லை. ஷீட்டின் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டு போலத் தனியாக மிதக்கிறது. ஆனால் அதைப் போடும்போதே எக்செல் அதன் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அடியில் உள்ள செல்களோடு கட்டிவிடுகிறது. அந்த வரிசைகளை ஃபில்டர் மறைத்தால் பெட்டியின் உயரமும் அவற்றோடு போய்விடும்.

கட்டை அவிழ்க்க, பெட்டியின் விளிம்பைக் கிளிக் செய்து கன்ட்ரோல் + 1 அழுத்துங்கள். வலப்பக்கம் ஃபார்மேட் ஷேப் திறக்கும். அதில் சைஸ் அண்ட் ப்ராப்பர்ட்டீஸ் படத்தைத் தொட்டு, கீழே ப்ராப்பர்ட்டீஸ் பகுதிக்குப் போனால் மூன்று தேர்வுகள் இருக்கும். முதலாவது ‘மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்’. எக்செல் தானாக வைப்பது இதைத்தான், உங்கள் தொல்லைக்குக் காரணமும் இதுதான். இரண்டாவதான ‘மூவ் பட் டோன்ட் சைஸ் வித் செல்ஸ்’ என்பதற்கு மாற்றுங்கள். பெட்டி இடம் நகரலாம், அளவு மாறாது. மூன்றாவது, நகரவும் விடாமல் நிறுத்துவது. அதை வைத்துவிட்டு மேலே பத்து வரிசை சேர்த்தால் பட்டியல் கீழே இறங்கும், பெட்டி இருந்த இடத்திலேயே நின்று எண்களை மறைக்கும். டாஷ்போர்டு போல வரிசை சேராத ஷீட்டுக்கு மட்டும் அது பொருந்தும்.

ஏற்கெனவே நசுங்கிக் கோடாகிப்போன பெட்டியை மவுஸால் பிடிக்க முடியாது. ஆல்ட் + எஃப்10 அழுத்தினால் செலெக்‌ஷன் பேன் வரும். ஷீட்டில் உள்ள எல்லாப் பெட்டிகளின் பெயரும் அதில் இருக்கும். பெயரைத் தொட்டு, ஷேப் ஃபார்மேட் தாவலில் ஹைட் (உயரம்) கட்டத்தில் 2 செ.மீ. என்று அடித்தால் பெட்டி மீண்டும் எழும்.

இதைவிட நல்ல வழி பெட்டியின் இடத்தையே மாற்றுவது. முதல் மூன்று வரிசைகளைக் காலியாக விட்டுப் பெட்டியை அங்கே வையுங்கள். நான்காவது வரிசையில் பட்டியலின் தலைப்பு, ஐந்திலிருந்து தரவு. ஃபில்டர் தலைப்புக்குக் கீழே உள்ள வரிசைகளை மட்டுமே மறைக்கும், பெட்டியைத் தொடாது. நான்காவது வரிசை வரை ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டுவிட்டால் ஸ்க்ரோல் செய்யும்போதும் பெட்டி கண்ணிலேயே நிற்கும். வரையும்போதோ இழுக்கும்போதோ ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் விளிம்பு செல் கோடுகளில் ஒட்டி நேராக அமையும்.

“தலைப்புக்கு எதற்கு டெக்ஸ்ட் பாக்ஸ், செல்லிலேயே எழுதலாமே” என்று யாராவது கீழே எழுதக்கூடும். பாதி நியாயம். பெட்டியில் உள்ளதை கன்ட்ரோல் + எஃப் தேடாது, ஃபார்முலா படிக்காது, சிஎஸ்வியாக (செல்களின் மதிப்பு மட்டும் உள்ள கோப்பாக) சேமித்தால் அது வராது. ஆகவே தரவை ஒருநாளும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். குறிப்பு, விளக்கம், சார்ட்டின் மேல் ஒட்டும் வரி ஆகியவற்றுக்கு மட்டும் பெட்டி. நெடுவரிசைகளின் அகலத்தைக் கெடுக்காமல் எழுத அதைவிட வசதி கிடையாது.

தொகையைக் கையால் மாற்றுவதை இன்றே நிறுத்துங்கள். ஒரு காலி செல்லில், பி2 என்று வைத்துக்கொள்வோம், முழு வாக்கியத்தையும் ஃபார்முலாவாக எழுதுங்கள்: “மொத்த விற்பனை ரூ. ” என்பதோடு & சேர்த்து, மொத்தம் உள்ள செல்லை, எண்ணை நாம் சொல்லும் வடிவில் எழுத்தாக்கும் டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் போட வேண்டும். டெக்ஸ்ட் ஃபங்ஷன் இல்லாமல் சேர்த்தால் காற்புள்ளி வராது, தேதியாக இருந்தால் ஐந்து இலக்க எண்ணாக வந்து நிற்கும். லட்சம், கோடி முறையில் காற்புள்ளி வேண்டுமானால் இந்த வடிவத்தைக் கொடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

மைனஸ் தொகைக்கு இது லட்சக் காற்புள்ளி போடாது. விண்டோஸின் ரீஜன் அமைப்பு இந்தியாவாக இருந்தால் சாதாரண #,##0 போதும். ஆனால் அதே கோப்பை வேறு அமைப்புள்ள கணினியில் திறந்தால் மில்லியன் முறைக்கு மாறிவிடும்.

பிறகு பெட்டியின் விளிம்பைக் கிளிக் செய்து, மேலே ஃபார்முலா பாரில் = அடித்து, பி2 செல்லைத் தொட்டு என்டர். பலர் தவறுவது இங்கேதான். கர்சர் பெட்டிக்குள் மினுக்கிக்கொண்டிருக்கும்போது அடித்தால் =பி2 என்பது வெறும் எழுத்தாகப் பதியும். எஸ்கேப் ஒருமுறை அழுத்திப் பெட்டி முழுவதையும் தேர்ந்த பிறகு அடியுங்கள். ஃபார்முலா பாரில் செல் முகவரி மட்டும்தான் செல்லும், கணக்கு செல்லாது. அதனால்தான் வாக்கியத்தை முதலில் செல்லில் கட்டச் சொன்னேன்.

இணைத்த பெட்டிக்கு இரண்டு கட்டுப்பாடுகள். முழு எழுத்துக்கும் ஒரே வடிவம்தான், ஒரு சொல்லை மட்டும் தடிமனாக்க முடியாது. இன்னொன்று தமிழில் எழுதுபவர்களை அதிகம் கடிப்பது: முதல் 255 குறிகள் வரைதான் காட்டும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, குறிகளை எண்ணும் எக்செல்லின் லென் ஃபங்ஷனுக்கு ஐந்து. அதனால் நாம் எண்ணுவதற்கு வெகுமுன்பே வாக்கியம் நடுவில் அறுந்துபோகும். லென் போட்டுப் பாருங்கள். தாண்டினால் இரண்டு செல், இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள். அல்லது செல்லை காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் லிங்க்ட் பிக்சராக ஒட்டுங்கள். அதற்கு இந்த வரம்பு இல்லை.

அடுத்து பிரிண்ட். திரையில் எழுத்து பிடிக்கும் அகலமும் பிரிண்டரில் பிடிக்கும் அகலமும் அச்சாக ஒன்றல்ல. ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால் போதும், கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய்விடும். ஜூமை 100 சதவீதத்தில் வைத்து, கீழே ஒரு வரி அளவு காலி விட்டு, பிரிண்ட் ப்ரிவியூ பாருங்கள். ‘ரீசைஸ் ஷேப் டு ஃபிட் டெக்ஸ்ட்’ டிக் செய்தால் பெட்டி எழுத்துக்கேற்ப வளரும், ஆனால் கீழே உள்ள செல்களை மூடக்கூடும். இடம் போதவில்லையென்றால் உள் ஓரங்களைக் குறையுங்கள்: வழக்கமாக இடமும் வலமும் 0.25 செ.மீ., மேலும் கீழும் 0.13 செ.மீ. இருக்கும். மேல் கீழ் ஓரங்களை மட்டும் 0 ஆக்காதீர்கள், தமிழ்க் கொம்புகளும் சுழிகளும் விளிம்பில் இடிக்கும். எழுத்துருவையும் நீங்களே தேர்ந்தெடுங்கள், நிர்மலா யூஐ அல்லது லதா. காலிப்ரி என்று விட்டுவைத்தால் அதில் தமிழ் இல்லாததால் கணினி வேறொன்றைக் கொண்டுவந்து நிரப்பும், ஒவ்வொரு கணினியிலும் வரி வேறு இடத்தில் உடையும்.

எழுத்துரு என்றதும் சொல்லியாக வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல். இன்றும் பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) அடித்த ஷீட்டுகள் கைமாறிக்கொண்டேயிருக்கின்றன. அப்படிப்பட்ட செல்லைப் பெட்டியோடு இணைத்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். பெட்டிக்குப் பாமினி எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் தெரியும், ஆனால் ஒரே எழுத்துருதான் என்பதால் நடுவில் உள்ள ஆங்கிலப் பெயர் பொருளற்ற தமிழாகிவிடும். ஃபில்டரும் தேடலும் வாழ்நாளுக்கும் கைகொடுக்காது. தட்டச்சு செய்பவர் பழக்கத்தை மாற்றாததற்கு, கோப்பை வாங்குகிற ஒவ்வொருவரும் ஏன் நேரத்தைக் கொட்ட வேண்டும்? முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு இணையுங்கள்.

ஒருநாள் எல்லாப் பெட்டிகளும் மறைந்து, இன்செர்ட் தாவலில் டெக்ஸ்ட் பாக்ஸ் பொத்தானும் சாம்பல் நிறமாகியிருந்தால் பயப்படாதீர்கள். கன்ட்ரோல் + 6இல் கை பட்டிருக்கும்; மீண்டும் அதையே அழுத்துங்கள். அதிலும் வரவில்லையென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட ஷீட்கள் சேர்ந்து தேர்வாகியுள்ளனவா, ஷீட் ப்ரொடெக்ட் ஆகியுள்ளதா என்று பாருங்கள்.

கூகுள் ஷீட்ஸில் இவை எதுவும் அப்படியே பொருந்தாது. அங்கே இன்செர்ட், டிராயிங் வழியாகத்தான் பெட்டி. செல்லோடு இணைக்க வழியில்லை. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் பெட்டியின் மேல் ரைட் கிளிக் செய்து ஆங்கர் என்பதில் ‘டு செல்’ வையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே ‘ரீசைஸ் வித் செல்’ என்று இருப்பதைத் தொட்டால் அங்கேயும் நசுங்கும்.