ஃப்ரீபிஎஸ்டி ரவுட்டரில் ஐபிவி6: கேள்வி பதில்

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஓடும் என் ரவுட்டருக்கு வெளிப்பக்க ஐபிவி6 (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு) முகவரி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. உள்வலைக்கும் இணைப்புக் கொடுக்க, பாக்கெட்டுகளைக் கடத்தவைக்கும் ஐபிவி6_கேட்வே_எனேபிளை இயக்கினேன். மறுதொடக்கத்துக்குப் பின் முகவரியும் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. பிழையா?

பதில்: பிழையில்லை, விதியே அப்படி. வேறொரு ரவுட்டரின் அறிவிப்பை நம்பித் தன்னை அமைத்துக்கொள்வது சாதாரணக் கணினியின் வேலை. பிறருடைய பாக்கெட்டை (தரவுத் துண்டை) கடத்தத் தொடங்கியதும் கர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, உங்கள் கருவியை ரவுட்டராகக் கருதுகிறது. அடுத்தவர் அறிவிப்பைக் காதில் போட்டுக்கொள்ளாது. வீட்டு ரவுட்டரோ வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என இரட்டை வேடம் போட்டாக வேண்டும். அதற்காகவே ஆர்சி.கான்ஃப் என்னும் அமைப்புக் கோப்பில் ஐபிவி6_சிபிஇ_வான்இஃப் என்றொரு மாறி இருக்கிறது. வெளிப்பக்க இடைமுகத்தின் பெயரை அதில் எழுதுங்கள். அந்த இடைமுகத்தின் ஐபிவி6 வரியில் அக்செப்ட்_ஆர்டிஅட்வ் இருக்கிறதா என்றும் பாருங்கள். லினக்ஸிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே அக்செப்ட்_ஆர்ஏ மதிப்பை 2 ஆக்க வேண்டும்.

உள்வலைக்கு முகவரித் தொகுதி, முகவரி வழங்கும் நெறிமுறையான டிஎச்சிபிவி6 வழியாகச் சேவை நிறுவனத்தால் ஒப்படைக்கப்படும். அதைக் கேட்டு வாங்க ஒரு நிரல் வேண்டும்; ஃப்ரீபிஎஸ்டியின் டிஎச்கிளையண்ட் பழைய ஐபிவி4 மட்டுமே பேசும் என்பதால் டிஎச்சிபிசிடியை நிறுவிக்கொள்ளுங்கள். வந்த தொகுதியிலிருந்து உள்வலை ஒன்றுக்கு ஒரு /64 (முதல் 64 பிட் வலைக்கு, மீதி 64 கணினிக்கு) கொடுத்து, ஆர்டிஅட்விடி என்னும் நிரல் மூலம் அறிவியுங்கள். சிக்கனம் பார்த்து அதையும் வெட்டினால் கணினிகள் தாமாக முகவரி அமைத்துக்கொள்வது நின்றுவிடும். ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6-ஐ (வலையின் பிழை, கண்டறிதல் செய்திகளை) மட்டும் மூடிவிடாதீர்கள்.

கேள்வி: எஃப்இ80 என்று தொடங்கும் முகவரிக்குப் பிங் போகவில்லை.

பதில்: முகவரிக்குப் பின் சதவீதக் குறியும் இடைமுகப் பெயரும் சேருங்கள். எல்லா இடைமுகத்திலும் எஃப்இ80 உண்டு. எதன் வழியே அனுப்புவது என்று கர்னல் ஊகிக்காது.

கேள்வி: பிங் போகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, பெரிய பக்கங்கள் பாதியில் தொங்குகின்றன. இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் வகை).

பதில்: ஐசிஎம்பிவி6-ஐ மூடியிருக்கிறீர்கள், அல்லது வழியில் யாரோ மூடியிருக்கிறார்கள். ஐபிவி6-இல் இடைவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதில்லை. அளவு மிஞ்சினால் ‘பாக்கெட் பெரிது’ என்னும் ஐசிஎம்பிவி6 வகை 2 செய்தியை அனுப்பியவருக்கே திருப்புகின்றன. அது போய்ச் சேராவிட்டால் அனுப்பியவர் அதே 1500 பைட்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவார். பிபிபிஓஇ வழக்கமாக 1492-ஐத்தான் தாங்கும். சோதிக்க விரும்பினால் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) 1280 ஆக்குங்கள். எந்த ஐபிவி6 இணைப்பும் தாங்கியாக வேண்டிய அளவு அது.

கேள்வி: பிஎஃப் ஃபயர்வாலில் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு டிசிபி, யுடிபி இரண்டை மட்டும் அனுமதித்தேன். ஐபிவி6 அறவே இல்லை.

பதில்: மூன்றாவது முறையாக: ஐசிஎம்பிவி6. ஐபிவி4-இல் பக்கத்துக் கணினியைக் கண்டறிய ஏஆர்பி செய்த வேலையை இங்கே 135, 136 வகைச் செய்திகள் செய்கின்றன. ரவுட்டரைக் கண்டறிய 133, 134. பக்கத்துக் கணினியையே தெரியாதவர் எங்கே போக முடியும்?

கேள்வி: நேட் (பல கணினிகள் ஒரே வெளிமுகவரியைப் பகிரும் முறை) இல்லாமல் வீட்டுக் கணினிகளுக்கு உலக முகவரி கொடுப்பது ஆபத்தில்லையா?

பதில்: நேட் உங்களைக் காத்ததாக நினைக்கிறீர்கள். காத்தது அதனுடன் வந்த இணைப்பு நிலை அட்டவணை. பிஎஃப்-இல் வெளியிலிருந்து வருவதைத் தடுத்து, உள்ளிருந்து போவதை அனுமதியுங்கள். நிலையைத் தானே நினைவில் வைத்துப் பதில்களை உள்ளே விடும். மேலே சொன்ன ஐசிஎம்பிவி6 வகைகளுக்குத் தனி அனுமதி கொடுங்கள்.

கேள்வி: ஏற்கமாட்டேன். நேட் உள்ளமைப்பையும் மறைக்கிறது. ஐபிவி6-இல் வலை அட்டையின் மேக் எண்ணே முகவரியில் தெரிகிறது.

பதில்: தெரியலாம். அதற்குத்தான் தற்காலிக முகவரிகள் வந்தன. ஃப்ரீபிஎஸ்டி கணினியில் யூஸ்_டெம்ப்அட்ர் என்னும் அமைப்பை 1 ஆக்குங்கள். ஒரு /64-இல் 2-இன் 64-ஆம் அடுக்கு முகவரிகள். வரிசையாகத் துழாவி உங்கள் அச்சுப்பொறியை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கேள்வி: சேவை நிறுவனம் அடிக்கடி தொகுதியை மாற்றினால்? நேட் இருந்தால் உள்முகவரி மாறாதே!

பதில்: இது நியாயமான வாதம், முந்தையதைப் போலில்லை. ஆனாலும் நேட் தேவையில்லை. எஃப்டி என்று தொடங்கும் தனி முகவரியைக் கூடுதலாக அறிவியுங்கள். கோப்புச் சேவையகமும் அச்சுப்பொறியும் அதில் நிலைத்திருக்கும். ஒரே இடைமுகத்தில் பல முகவரிகள் இருப்பது ஐபிவி6-இல் இயல்பு. ஐபிவி4 பழக்கம்தான் உங்களை உறுத்துகிறது.

கேள்வி: பாதுகாப்புக்காக ஐசிஎம்பிவி6-ஐ முழுக்க நிறுத்தலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: மாடியில் வைஃபை வேகம் குறைகிறது. ஐபிவி6 காரணமா?

பதில்: இல்லை. வைஃபை தெரிந்தவரைக் கேளுங்கள்.