கணினி கேள்வி-பதில்: மத்தியான வெயிலில் ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒருத்தரிடம் பழைய ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். கேம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் அரை மணி நேரம் கழித்து சில சமயம் திரை கருப்பாகி கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கார்டு நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? ஓவர்க்ளாக் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்தால் வேகம் கூடும் என்கிறார்களே, செய்யலாமா?
- கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: காய்ச்சலில் கிடக்கிறவனை ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிடுகிறீர்கள் தம்பி. ஓவர்க்ளாக் அப்புறம். முதலில் கையில் இருப்பது என்ன கார்டு என்று தெரியட்டும். ஜிபியு-இசட் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஷேடர்ஸ் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்) என்ற இடத்தில் 2304 என்று இருந்தால் 2017-ல் வந்த முழு 580. 2048 என்று இருந்தால் அதுவும் 580 என்ற பெயரில் விற்றதுதான், ஆனால் எண்ணிக்கை அதன் தம்பியான 570-க்கு உள்ளது, நீங்கள் கொடுத்த விலையும் 570 விலையாக இருந்திருக்க வேண்டும். கார்டின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டினால், பேசாமல் மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறிவிடுங்கள்.

இந்த கார்டுகளில் நிறைய மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் சம்பாதிக்க இரவு பகலாகக் கணக்குப் போடுவதில், ஓடியவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தில் மைனிங் நின்றுபோனதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன், சிப் பெரும்பாலும் தாங்கிவிடும், ஃபேன்தான் தேய்ந்திருக்கும், கார்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் மாற்றி எழுதியிருப்பார்கள். சில மாடல்களில் கார்டின் மேல் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள், அங்கே கம்பெனி பயாஸ் அப்படியே இருக்க வாய்ப்புண்டு.

சுத்தம் செய்யும்போது ஒன்று: பெயின்ட் பிரஷ்ஷோ புளோயரோ எதுவானாலும், ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், காற்றில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும். போன மாதம் ஒரு கார்டைக் கழற்றினேன், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கின் இடுக்கெல்லாம் தூசி படிந்து போர்வை மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது, அடியில் சிப்பின் மேல் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. இரண்டையும் சரி செய்ததும் கேம் ஓடும்போதே 12 டிகிரி இறங்கியது.

சரி, சோதனை. யூனிஜின் ஹெவன் என்ற சோதனை மென்பொருள் இலவசம், அதை அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு வெப்பத்தைத் திரை மூலையில் காட்டச் சொல்லுங்கள் (எந்தக் கம்பெனி கார்டானாலும் அது வேலை செய்யும்). ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஓட்டிவிட்டு பாஸ் என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மத்தியானம் அறைக்குள்ளேயே 37, 38 டிகிரி நிற்கிறது. ராத்திரியைவிட அறை 8 டிகிரி கூடுதலாக இருந்தால் கார்டும் ஏறக்குறைய அந்த அளவுக்கு ஏறும், இல்லாவிட்டால் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல், 80-ஐ ஒட்டி நின்றால் கவலையில்லை. 85-ஐத் தாண்டினால் ஓவர்க்ளாக் பேச்சையே எடுக்காதீர்கள். ஃபர்மார்க் என்ற இன்னொரு சோதனை எந்த கேமும் தராத சூட்டைத் தரும், அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டுவது வீண் வம்பு.

திரையில் புள்ளிகளோ கட்டம் கட்டமாகக் கோடுகளோ வந்தால் மெமரியைச் சந்தேகப்படுங்கள். கேம் மட்டும் மூடி, டிரைவர் ரீசெட் ஆனது என்று செய்தி வந்தால் சிப்பின் கோர் வேகம், வோல்டேஜ் அல்லது டிரைவர். உங்களுக்கு மொத்த கம்ப்யூட்டரும் ரீஸ்டார்ட் ஆகிறது, எனக்கு கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல்தான் கண். எனக்கும் இதே கதை நடந்தது, கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ், ஸ்டிக்கரில் 450 வாட், நான் கார்டு போச்சு என்று முடிவு கட்டி அடிமாட்டு விலைக்கு விற்கப் போனேன், வாங்க வந்தவர் தன் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தார், கார்டு குத்துக்கல்லாட்டம் நின்றது. 580 மட்டுமே 185 வாட் இழுக்கிற கார்டு. நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள், கார்டுக்குப் போகும் 8 பின் வயர் அதிலிருந்தே வர வேண்டும், பழைய நாலு பின் மோலெக்ஸ் வயரை மாற்றித் தரும் கன்வர்ட்டர் வேண்டாம்.

இதெல்லாம் தேறிய பிறகு, வேகத்தை ஏற்றும் முன் வோல்டேஜை இறக்குங்கள். பல 580-கள் 1150 மில்லிவோல்ட் பக்கம் ஓடும். 25, 25 ஆகக் குறைத்து ஒவ்வொரு முறையும் ஹெவன் ஓட்டுங்கள், தடுமாறினால் ஒரு படி திரும்ப ஏறிக்கொள்ளுங்கள். சூடு குறையும், சூட்டினால் தானாக வேகம் இறங்குவதும் நிற்கும். எங்கள் வீட்டு கார்டில் நான் இதோடு நிறுத்திவிட்டேன். ஆசை விடவில்லையென்றால் கோரை 1340 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20, 20 ஆக ஏற்றுங்கள். 1400 வந்தால் நாலரை சதவீதம், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம் இருந்த இடத்தில் 62, 63. மெமரி வேகத்தை ஏற்றும்போது ஹெவன் தரும் ஸ்கோரைப் பாருங்கள்: திரை சுத்தமாக இருக்கும், ஸ்கோர் மட்டும் இறங்கும், மெமரியில் பிழை வந்து தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது என்று அர்த்தம்.

கேள்வி: பவர் வயரே இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருக்கிறேன். வேகத்தை ஏற்றலாமா?
- வாசகர், வாடிப்பட்டி

பதில்: கோரில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், மதர்போர்டு ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள்தான் அது வாழ வேண்டும். மெமரியை ஏற்றினால் கொஞ்சம் தெரியும், அதுவும் ஜிடிடிஆர்5 என்ற பழைய வகை மெமரி உள்ள மாடலாக இருந்தால் அதற்குப் பசியே அங்கேதான்.

கேள்வி: ஐயா, என் மகன் ஓவர்க்ளாக் செய்யப் போகிறேன் என்று நிற்கிறான். கரண்ட் பில் ஏறுமா?
- ஒரு தாய், எல்லீஸ் நகர்

பதில்: ஏறும் அம்மா, ஆனால் ஓவர்க்ளாக்கால் இல்லை. கார்டு கூடுதலாக 20 வாட் இழுக்கிறது, பையன் தினம் மூன்று மணி நேரம் விளையாடுகிறான் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாத பில்லில் நாலு யூனிட்கூட வராது. கார்டு மொத்தமாக 150 வாட் என்றால் 27 யூனிட், மற்ற பாகங்கள் தனி. நீங்கள் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடா என்று மட்டும் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள், அதைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும்.